வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ்: முதல் அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அறை மூலையில் லெட்டூஸ் வளர்வதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

1. ஹைட்ரோபோனிக்ஸ்னா செடியைத் தண்ணீரில் போட்டு வைக்கிறதுதானே? பாட்டிலில் மணி பிளான்ட் வளர்க்கிற மாதிரி?

பாதி சரி. மணி பிளான்ட் வெறும் தண்ணீரிலும் எப்படியோ காலம் தள்ளிவிடும். லெட்டூஸ் கீரையோ, துளசி இனத்துப் பேசிலோ அப்படி இல்லை. மண்ணிலிருந்து வேர் எடுத்துக்கொள்ளும் தாது உப்புகள் அத்தனையையும் நாமே தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் ஊட்டக் கரைசல் என்கிறோம்.

பலர் மறந்துபோவது காற்றை. வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அதற்குக் காற்று கிடைக்கிறது; தண்ணீரில் முழுக்க மூழ்கினால் கிடைக்காது. சந்தையில் இருக்கும் எல்லா வகை அமைப்புகளும் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்: நனைந்த வேருக்குக் காற்றை எப்படிக் கொடுப்பது?

2. எத்தனை வகை இருக்கு? பெயர்களைப் பார்த்தாலே தலை சுத்துது.

மேலே சொன்ன காற்றுக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சுத்தாது. கிராட்கி முறையில் பம்ப்பே கிடையாது. செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் மட்டம் இறங்கும், மேலே உருவாகும் இடைவெளியில் வேர் காற்று வாங்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. டீப் வாட்டர் கல்ச்சரில் வேர் கரைசலுக்குள்ளேயே தொங்கும். மீன் தொட்டிக்கு வைப்பது போன்ற ஏர் பம்ப் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். என்.எஃப்.டி. என்பது சரிவாக வைத்த குழாயில் கரைசல் மெல்லிய படலமாக ஓடுவது. வேரின் அடிப்பக்கம் நனையும், மேல்பக்கம் காற்றில் இருக்கும். 1960களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கியது.

இவை தவிர, தட்டை நிரப்பி வடியவிடும் முறை, சொட்டு முறை, வேரைக் காற்றில் தொங்கவிட்டுப் பனி போலத் தெளிக்கும் ஏரோபோனிக்ஸ், விளக்குத் திரி போலத் துணித் திரி வழியாக உறிஞ்சவிடும் திரி முறை எல்லாம் உண்டு. திரி முறை ரொம்ப எளிது. ஆனால் செடி பெரிதானால் அதன் தாகத்துக்குத் திரி ஈடுகொடுக்காது. ஏரோபோனிக்ஸில் தெளிப்பான் துளைகள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டையும் முதல் முறைக்குச் சொல்ல மாட்டேன்.

3. சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் எதை வாங்கட்டும்?

கிராட்கி வாளி ஒன்று. அது ஒரு சுற்று நன்றாக வந்தபின் ஏர் பம்ப் வைத்த வாளி.

காரணம் விலையில்லை. எந்த அமைப்பையும் எடைபோட நான் கேட்பது இதுதான்: நீங்கள் இரண்டு நாள் மறந்துபோனால் செடி என்ன ஆகும்? கிராட்கி வாளிக்கு ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப் வாளியில் பம்ப் நின்றாலும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். என்.எஃப்.டி. குழாயில் பம்ப் நின்றால் வேரைச் சுற்றித் தண்ணீரே இல்லை; வெக்கையான நாளில் சில மணி நேரத்தில் செடி துவண்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் மறக்கத்தான் செய்வார். நானும் மறந்தேன்.

4. அந்த வாளியை நானே செய்ய முடியுமா, இல்ல வாங்கித்தான் ஆகணுமா?

செய்யலாம். மூடியுள்ள வாளி, 5 சென்டிமீட்டர் நெட் பாட் (வலைபோல ஓட்டையுள்ள சின்னத் தொட்டி), கொஞ்சம் சுட்ட களிமண் உருண்டைகள், விதை முளைக்க வைக்க ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு அல்லது ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) கட்டி. லெட்டூஸ் ஒன்றுக்குச் சுமார் 4 லிட்டர் கரைசல் இருந்தால் பெரும்பாலும் அறுவடை வரை போதும். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் அது உணவுப்பொருள் வைக்கவும் பயன்படும் வகைப் பிளாஸ்டிக், அதையே எடுங்கள்.

மூடியில் ஓட்டை போடும்போது நெட் பாட்டின் விளிம்பை வைத்து அளக்காதீர்கள். விளிம்புக்குக் கீழே இருக்கும் கழுத்தை அளக்க வேண்டும். என் முதல் வாளியில் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு அழகாக வெட்டினேன். பாட் சத்தமில்லாமல் உள்ளே போய் மிதந்தது.

அடுத்தது வெளிச்சம். கரைசலில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். செல்போன் டார்ச்சை வாளிக்குள் எரியவிட்டு, மூடியைப் போட்டு, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். வாளி லேசாக ஒளிர்ந்தாலும் வெளிப்பக்கம் கறுப்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளைப் பூச்சு கொடுங்கள். கறுப்பு வெளிச்சத்தை மறைக்கும், வெள்ளை சூட்டைக் குறைக்கும். தொடக்கத்தில் நெட் பாட்டின் அடிப்பகுதி 1 சென்டிமீட்டர் கரைசலில் முங்கியிருந்தால் போதும்.

5. எல்லாம் சேர்ந்த ரெடிமேட் கிட் வாங்கினா வேலை மிச்சம்தானே?

மிச்சம்தான். மேசை மேல் வைக்கும் சின்ன கிட்டில் விளக்கு, டைமர், பம்ப் எல்லாம் இருக்கும். வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர்? 3 லிட்டர் தொட்டியில் 9 ஓட்டை இருந்தால், செடிகள் வளர்ந்தபின் அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரைசலின் தன்மையும் வேகமாக மாறும். விளக்கை எவ்வளவு உயர்த்தலாம்? 25 சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் பேசில் முட்டிக்கொள்ளும். விதைக் குப்பியை அந்தக் கம்பெனியிடமே வாங்கியாக வேண்டுமா, பொதுவான ஸ்பாஞ்சு பொருந்துமா?

எல்லா ஓட்டையிலும் செடி வைத்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஒன்றுவிட்டு ஒன்று அடைத்துவிடுங்கள்.

6. எங்க வீட்டு ஜன்னல் நல்ல வெளிச்சம். அது போதாதா?

நம் கண் ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். நமக்குப் பளிச்சென்று தெரியும் அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான். இலைச் செடிகள் நன்றாக வளர வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் சுமார் 14,000 லக்ஸ், அதுவும் 14 முதல் 16 மணி நேரம் வேண்டும்.

செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டு, செடி நிற்கப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 800க்கும் 14,000க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். வெளிச்சம் போதாத நாற்று நூல் மாதிரி நீண்டு சாயும். அதைப் பார்த்துவிட்டு உரத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அது பசிக்குத் தண்ணீர் கொடுப்பது போல.

7. எத்தனை வாட் விளக்கு? ஊதா விளக்கா, வெள்ளையா?

60-க்கு 60 சென்டிமீட்டர் இடத்தில் இலைச் செடிகளுக்கு 40 முதல் 50 வாட் நல்ல எல்.இ.டி. போதும். இந்த வாட் என்பது விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரம். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்பதை மறந்துவிட்டு, சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

நிறத்தில் நான் வெள்ளைக் கட்சி. சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்கிலும் செடி வளரும். ஆனால் அதன் கீழே இலை எல்லாம் கறுப்பாகத் தெரியும். எது மஞ்சளாகிறது, எதில் புள்ளி விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புதியவருக்குக் கண்தான் முதல் கருவி.

8. அப்போ கரண்ட் பில் எகிறுமே?

45 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், மாதம் சுமார் 22 யூனிட். 4 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 3 யூனிட்தான். உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். செலவு விளக்கில்தான், பம்ப்பில் இல்லை.

9. தொட்டிச் செடிக்குப் போடும் உரத்தையே கரைச்சு ஊத்தலாமா?

பெரும்பாலும் கூடாது. அந்த உரங்களில் நைட்ரஜன் நிறைய யூரியாவாக இருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து, வேர் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றும். உங்கள் வாளியில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் கிடையாது. மேலும் கால்சியம், மக்னீசியம் போன்றவை மண்ணில் இருக்கும் என்ற நம்பிக்கையில் பல உரங்களில் அவற்றைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே செய்த உரத்தை வாங்குங்கள். இயற்கை உரக் கரைசல்களுக்கும் இதே பதில்தான். மண்ணில் அருமையானவை, தேங்கிய வாளியில் நாற்றமெடுக்கும்.

10. ஏன் ஏ, பி-ன்னு ரெண்டு பாட்டில்? ஒண்ணா ஊத்தினா என்ன?

ஒரு பாட்டிலில் கால்சியம் இருக்கும், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாகச் சந்தித்தால் இவை சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டிலும் ஒரு மூடி ஊற்றிப் பாருங்கள். தெளிந்த இரண்டு திரவம் பால் மாதிரி வெளுத்துக் கலங்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் சுண்ணாம்பு போலப் படியும். அந்தச் சுண்ணாம்புதான் செடிக்குப் போக வேண்டிய சத்து.

எனவே வாளியில் முழு அளவுத் தண்ணீரை முதலில் ஊற்றி, ஏ-யைக் கலக்கி, அப்புறம் பி-யைக் கலக்க வேண்டும். அளவு மூடியையும் நடுவில் கழுவிக்கொள்ளுங்கள்.

11. இப்படி உப்பில் வளர்ந்ததைச் சாப்பிடலாமா? பயமா இருக்கே.

மட்கிய எருவிலிருந்து வந்தாலும் பாட்டிலிலிருந்து வந்தாலும் வேருக்குள் பெரும்பாலும் நுழைவது அதே நைட்ரேட், அதே பொட்டாசியம். 1860களிலேயே ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புக் கரைசலில் செடி வளர்த்து, செடிக்கு என்னென்ன தேவை என்று ஆராய்ந்தார்கள். புதுச் சரக்கு இல்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிச்சம் குறைவாகவும் கரைசல் அடர்த்தியாகவும் இருந்தால் இலையில் நைட்ரேட் சேரும். அதைப் பயன்படுத்திக்கொள்ளச் செடிக்கு ஒளி வேண்டும். ஆறாம் கேள்விக்குச் சொன்னதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

12. பி.எச். மீட்டர், இ.சி. மீட்டர் ரெண்டும் கட்டாயமா?

இ.சி. மீட்டர் கட்டாயம். இ.சி. என்பது கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு; உப்பு கூடினால் அதுவும் கூடும், அதன் அலகு மில்லிசீமன்ஸ். கரைசலில் உப்பு எவ்வளவு என்பதை நாக்கிலோ கண்ணிலோ கண்டுபிடிக்க முடியாது. லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 மில்லிசீமன்ஸ், பேசிலுக்கு 1.0 முதல் 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு அதில் பாதி.

பி.எச். என்பது கரைசலின் அமில, காரத் தன்மையின் அளவு. அது 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கரைசலில் இருந்தும் வேருக்கு எட்டாது. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆனால் இதற்குச் சொட்டு மருந்து போட்டு நிறம் பார்க்கும் கிட்டே முதலில் போதும். பி.எச். மீட்டர் ஒரு செல்லப்பிள்ளை. முனை காயக்கூடாது, பி.எச். 4, 7 என்று நிலையாக இருக்கும் பஃபர் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தைரியமாகப் பொய் சொல்லும். பொய் சொல்லும் மீட்டரைவிட நிறம் மாறும் சொட்டு மேல்.

பி.எச். இறக்க வினிகர் ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். இறங்கும்; ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றதும் மறுபடி ஏறிவிடும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த ‘பி.எச். டவுன்’ நிலையாக இருக்கும். கையுறை போட்டு, சொட்டுச் சொட்டாக.

13. என் மீட்டர் 800 காட்டுது, நண்பர் மீட்டர் அதே தண்ணீருக்கு 1120 காட்டுது. எது ரிப்பேர்?

இரண்டும் நல்லாத்தான் இருக்கின்றன. எல்லா மீட்டரும் உள்ளே அளப்பது இ.சி.யைத்தான். அதை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) ஆக மாற்றும்போது சில மீட்டர்கள் 500-ஆல் பெருக்கும், சில 700-ஆல். 1.6 மில்லிசீமன்ஸை 500-ஆல் பெருக்கினால் 800, 700-ஆல் பெருக்கினால் 1120. யாராவது ‘800 வையுங்கள்’ என்றால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அதைவிட, மீட்டரை இ.சி.க்கு மாற்றிவிட்டு பி.பி.எம்.-ஐ மறந்துவிடுவது நல்லது.

14. குழாய்த் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா?

முதலில் உரம் போடாமல் வெறும் தண்ணீரின் இ.சி.யை அளந்து பாருங்கள். 0.3-க்குக் கீழே இருந்தால் குழாய்த் தண்ணீரே போதும். 0.8 என்று காட்டினால், லெட்டூஸுக்கு வேண்டிய உப்பின் இடம் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதில் எது கால்சியம், எது சோடியம் என்றும் தெரியாது. அப்போது ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். உப்பைப் பயன்படுத்தி மென்மையாக்கும் சாதனத்திலிருந்து வரும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போட்டுத்தான் அது மென்மையாகிறது.

குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் சேர்க்கும் குளோரமைன் அப்படிப் போகாது.

15. தண்ணீர் குறைஞ்சுக்கிட்டே போகுது. தினமும் ஃபுல்லா நிரப்பணுமா?

கிராட்கி வாளியில் நிரப்பவே கூடாது! அந்த இடைவெளியில்தான் வேர் மூச்சு விடுகிறது. மட்டம் இறங்கியபின் வெளியே தெரியும் வேரைப் பாருங்கள். மெல்லிய வெள்ளை ரோமம் அடர்ந்திருக்கும். காற்று வாங்கப் பழகிய வேர் அது. ஆசையாக விளிம்பு வரை ஊற்றினால் அத்தனையும் மூழ்கி, செடி நிறையத் தண்ணீருக்கு நடுவிலேயே வாடும். வற்றுகிற நிலை வந்தால் அடியில் கொஞ்சம் மட்டும் சேருங்கள்.

ஏர் பம்ப் வாளியில் நிரப்பலாம். எதை நிரப்புவது என்பதை மீட்டர் சொல்லும். மட்டம் இறங்கி இ.சி. ஏறியிருந்தால் செடி தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறது, கரைசல் அதற்கு அடர்த்தி அதிகம். வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். இ.சி. இறங்கியிருந்தால் சத்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறது. உரம் கலந்தது ஊற்றுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிடுவது என் வழக்கம்.

16. கரண்ட் போனா பம்ப் வைச்ச வாளியில் வெள்ளம் வந்துடுமா?

வரலாம். ஏர் பம்ப் நின்றதும் கரைசல் அந்தச் சின்னக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறும்; பம்ப் வாளிக்குக் கீழே தரையில் இருந்தால் சைபன் ஆகி, பம்ப்பையும் நனைத்து, கீழே ஒழுகும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் அடைப்பான்) போடுங்கள். வயர்களைச் சுவிட்சுக்குப் போகும் முன் தொங்கலாக ஒரு வளைவு விட்டுச் செருகுங்கள். வயர் வழியாக வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும்.

17. லெட்டூஸ் உள்இலை ஓரமெல்லாம் கருகுது. கால்சியம் பாட்டில் வாங்கட்டுமா?

கரைசலில் கால்சியம் இருக்கும். அது இலையில் போய்ச் சேர்வதுதான் பிரச்சினை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது இழுபடும் தண்ணீரோடுதான் கால்சியம் பயணிக்கும். குருத்துக்குள் மூடிக்கிடக்கும் இளம் இலையில் காற்று படாது, ஆவியாவதும் குறைவு. ஒரு சின்ன ஃபேனை வைத்து இலை லேசாக ஆடும்படி காற்று விடுங்கள். விளக்கு 18 மணி நேரம் எரிந்தால் 14-ஆகக் குறையுங்கள். வேகமாக வளரும் செடியில்தான் இது வரும்.

18. அதே வாளியில் தக்காளி போடலாமா?

முளைக்கும், வளரும், அப்புறம் உங்களைப் படாதபாடு படுத்தும். தக்காளிக்கு 2 மில்லிசீமன்ஸுக்கு மேல் வேண்டும், விளக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், வளர்ந்த செடி ஒரு நாளில் லிட்டர் கணக்கில் குடிக்கும். லெட்டூஸையும் தக்காளியையும் ஒரே கரைசலில் வைத்தால் ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம். காய்ச் செடிக்குத் தனியாக 20 லிட்டர் வாளி, ஏர் பம்ப்போடு. அதுவும் இலைச் செடியில் இரண்டு சுற்று முடித்தபிறகு.

19. வேர் பழுப்பா இருக்கு. அழுகிப் போச்சா, இல்ல உரத்தின் கறையா?

கையால் தொட்டுப் பாருங்கள். கறை படிந்த வேர் இறுக்கமாக இருக்கும், வாடை இருக்காது. அழுகிய வேர் வழவழக்கும், சாக்கடை நாற்றம் அடிக்கும். இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமியின் வேலை.

அதற்கு வழிவிடுவது சூடு. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். அதே சூட்டில் வேரின் மூச்சுத் தேவையோ கூடிவிடும். கரைசலை 18 முதல் 22 டிகிரிக்குள் வைக்க முடிந்தால் நல்லது. வாளியைத் தரையில் வைப்பது, விளக்கின் சூட்டிலிருந்து தள்ளி வைப்பது, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளே மிதக்கவிடுவது எல்லாம் உதவும்.

பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் முயற்சி செய்யலாம். கரைசலைக் கொட்டி, வாளியைப் பிளீச் கலந்த தண்ணீரில் தேய்த்து நன்றாக அலசி, அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, பாதி அடர்த்தியில் புதுக் கரைசல் வையுங்கள். ஒரு வாரத்தில் வெட்டிய இடத்துக்கு மேலிருந்து வெள்ளை முனைகள் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் நல்ல இலைகளைப் பறித்துக்கொண்டு புது விதை போட்டுவிடுங்கள். லெட்டூஸ் எப்படியும் 40, 50 நாள் பயிர்தான்.